வேம்புலியம்மாள் வைத்த குறி

வேம்புலியம்மாள் யாரிடம் பேசினாலும் நேர் எதிரே வந்துதான் நிற்பாள். நாம் முகத்தைத் திருப்பினால் அவளும் நகர்ந்து மறுபடி எதிரே வந்துவிடுவாள். கொரட்டூர் ஏரிக்கரையில் முதன்முதலாக அவளைச் சந்தித்தபோது எனக்கு இது சங்கடமாக இருந்தது. ஏரியைப் பார்த்தேன், ஏரிக்கும் எனக்கும் நடுவில் வந்தாள். துவைக்கும் கல்லைப் பார்த்தேன். கல்லை மறைத்துக்கொண்டு நின்றாள். இந்த அம்மாளுக்கு என்ன கோளாறு என்றுதான் நினைத்தேன்.

பிறகு தெரிந்தது. அவள் புருஷன் கோதண்டத்துக்குக் கடைசிக் காலத்தில் நேர் எதிரே இருப்பது மட்டுமே தெரிந்தது. இடமும் வலமும் இருட்டு. அவன் முகத்துக்கு எதிரே நின்று நின்று பழகிய கால்கள், அவன் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பின்பும் அந்த இடத்தை விட்டு நகர மறுத்தன.

நான் அவளைப் பார்க்கப் போனது ஆஸ்பத்திரி வேலையாக. பூந்தமல்லிக்கு மேற்கே நேமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி., பௌதிகம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து மணி அடித்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும் நேரம் என்றுதான் அர்த்தம். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் வீரராகவனுக்கு உதவியாளாக எனக்கு வேலை கிடைத்ததும், என் அப்பா சந்தையில் நின்று, "எம் மவன் சொன்னாத்தான் அந்த மிஷினுக்கு வெளிச்சம் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை. எக்ஸ்ரே கதிர் எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம், எந்தக் கோணத்தில் என்று அளந்து சொல்வது என் வேலை. அந்தக் கதிருக்கு வெளிச்சமே கிடையாது என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் பூந்தமல்லிக்காரர். சீமையில் படித்துவிட்டு வந்தும் பூந்தமல்லி பஸ்ஸில்தான் வந்து போவார். அவருடைய ஆராய்ச்சி முழுவதும் மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் கூடுகிற இடத்தில் வளரும் ஒரு கட்டியைப் பற்றியது. கட்டி நரம்பை அழுத்த அழுத்தப் பார்வை இரு ஓரங்களிலிருந்தும் சுருங்கும். அத்தனை ஆழத்தில் கத்தி வைத்தால் பிழைப்பவர்கள் குறைவு. அதனால் டாக்டர் எக்ஸ்ரே கதிரை நெற்றி, வலது நெற்றிப்பொட்டு, இடது நெற்றிப்பொட்டு என்று மூன்று வாசல் வழியாக உள்ளே அனுப்பினார். தோலின் ஒவ்வோர் இடமும் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும். உள்ளே மூன்றும் கூடும் இடத்தில் கட்டி முழுவதையும் வாங்கிக்கொள்ளும்.

அவருடைய விரல்களைப் பார்த்தால் யாரும் ஒரு கணம் தயங்குவார்கள். இளவயதில் மிஷினைச் சோதிக்கத் தன் கையையே கதிரில் நீட்டி நீட்டிப் பார்த்தவர். நகங்கள் பிளந்து, விரல் நுனிகள் காய்ந்த மரப்பட்டைபோல் ஆகிவிட்டிருந்தன. எந்த நோயாளியின் தோலில் சிவப்பைக் கண்டாலும் அவர் முதலில் தன் கையைப் பார்த்துக்கொள்வார்.

வேம்புலியம்மாள் மண்ணூர்பேட்டையில் பிறந்தவள். சலவைத் தொழில் குடும்பம். கோதண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுக் கொரட்டூருக்கு வந்தாள். அம்பத்தூர் வரைக்கும் பல வீட்டு அழுக்கு அவர்கள் கழுதைமேல்தான் ஏரிக்கு வரும். துவைப்பதும் வெள்ளாவி வைப்பதும் அவன். குறி போடுவது அவள். சேராங்கொட்டையை ஊசியால் குத்தினால் எண்ணெய்போல ஒரு சாறு கசியும். அதைத் துணியின் ஓரத்தில் தொட்டு வைத்தால் கறுத்துப்போய், துணி கிழிகிற வரைக்கும் அழியாது. மூன்று புள்ளி கர்ணம் வீடு, ஒரு கோடும் புள்ளியும் செட்டியார் வீடு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அந்தச் சாறு சிலர் மேல் பட்டால் கொப்புளம் கிளம்பிவிடும். வேம்புலிக்கும் கோதண்டத்துக்கும் அது ஒன்றும் செய்ததில்லை. கொட்டையில் புரண்ட கைகள்.

கோதண்டம் வாய் ஓயாத ஆள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் தலைவலி வந்தது. பிறகு நடக்கும்போது கதவில் இடித்துக்கொண்டான், வெள்ளாவிப் பானையில் இடித்துக்கொண்டான், கழுதையின் மேல் இடித்துக்கொண்டு கழுதையைத் திட்டினான்.

"இன்னாத்துக்குய்யா அத்தத் திட்டற? அது நின்ன எடத்துலதான் கீது."

"நின்ன எடத்துலதான் கீது. நான் வர்றது தெரியுதுல்ல? ஒரு கொரல் குடுத்தா இன்னா?"

அவள் சிரித்தாள். மறுநாள் அவனுக்குப் பக்கத்திலேயே அவள் நின்றுகொண்டிருக்க, "வேம்புலீ, எங்கடி போய்த் தொலஞ்ச?" என்று ஏரி முழுவதும் கேட்கும்படி கத்தினான். அப்போது அவள் சிரிக்கவில்லை.

யுத்தம் தொடங்கிய வருஷம் அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வீரராகவன் அவன் தலையை முழுக்க மழிக்கச் சொன்னார். ஈயத் தகடும் அளவுச் சட்டமும் வைத்து அளந்து, நெற்றியிலும் இரு பொட்டிலும் நீல மையால் ஒவ்வொரு சதுரம் வரைந்தார். வேம்புலியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திச் சொன்னார்:

"இந்தக் குறி கலையக் கூடாதம்மா. கலைந்து நான் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால், கட்டியை விட்டுவிட்டு நல்ல மூளையைச் சுட்டுவிடுவேன். புரிகிறதா?"

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. குறி மாறினால் துணி வேறு வீட்டுக்குப் போய்விடும். அவள் வாழ்க்கை முழுவதும் பயந்த விஷயம் அது ஒன்றுதான்.

திரும்பும்போது ரயிலில் கோதண்டம் கேட்டானாம்:

"என்னிய எந்த ஊட்டுத் துணின்னு குறி போட்டுக்கீறாங்க?"

"ஆஸ்பத்திரி ஊட்டுத் துணி. மாறிப் போவாம சும்மா இரு."

"வெள்ளாவி வெச்சித் திருப்பிக் குடுத்துடுவாங்களா?"

"குடுக்காம எங்க போவாங்க? கேட்டு வாங்காம நான் உட்டுடுவனா?"

இந்தப் பேச்சை அவள் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் சிகிச்சை. கொரட்டூரிலிருந்து வில்லிவாக்கம் ஸ்டேஷனுக்கு வெயிலில் நடை, அங்கிருந்து ரயில். வியர்வையில் நீல மை இளகி வழிந்தது. ஒரு நாள் நெற்றிக் கோடு பாதிக்கு மேல் காணாமல் போய், டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. அவர் கோபிக்கவில்லை. "இன்னொரு தரம் இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளம்மா" என்று மட்டும் சொன்னார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. அழியாத குறி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் கொட்டையைக் குத்தி, ஒவ்வொரு சதுரத்தின் நான்கு மூலையிலும் ஊசிமுனை அளவுக்குப் புள்ளி வைத்தாள். கோதண்டம் அசையாமல் உட்கார்ந்துகொண்டு, "பாத்து வைடி, செட்டியார் ஊட்டுக்குப் போயிடப் போறேன்" என்றான்.

புள்ளிகள் அழியவில்லை. நர்சுகள் மையால் கோட்டைச் சேர்த்துக்கொண்டார்கள்; அடியில் கறுப்பாக இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவன் தோலும் முதலில் பேசாமல்தான் இருந்தது. மங்கியதாகத் தோன்றியபோது அவள் மறுபடியும் தொட்டு வைத்தாள்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. ரயிலில் நேரே பார்த்து உட்கார்ந்திருந்த கோதண்டம், தலையைத் திருப்பாமலே, "அந்தாண்ட ஆவடி வண்டி போவுது" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். போனது. கதிர் கட்டியைச் சுருக்கத் தொடங்கியிருந்தது. அன்று ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அவள் அவனுக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். எதிரே போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மூன்று சதுரமும் வீங்கிச் சிவந்து கொப்புளம் கிளம்பியது. கதிர் பட்டு ஏற்கெனவே இளகியிருந்த தோல். நீர் வடிந்து, புண் சதுரத்தை மீறிப் பரவி, கண் இமை மூடிக்கொண்டது. வேம்புலிக்குப் பார்த்தவுடனே சந்தேகம். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டர் தன் விரல்களைப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி அவள் முன்னால் நின்றுவிட்டார்.

"என் மிஷின் செய்த வேலையம்மா இது. உன் புருஷனைச் சுட்டுவிட்டேன். மன்னித்துவிடு."

அவ்வளவு படித்தவர், அவ்வளவு பெரிய மனிதர், கை கூப்பி நிற்கிறார். அவள் வாய் மூடிக்கொண்டது. அத்துடன் சிகிச்சையும் பாதியில் நின்றது. நின்றுபோனது என்று அவளுக்குத் தெரியாது. போதும் என்பதால் விட்டார்கள் என்று நினைத்தாள்.

புண் ஆறியது. தலையில் முடி முளைத்தது. பார்வை, ஜன்னலை இரண்டு பக்கமிருந்தும் சாத்துவதுபோல மறுபடி மூடிக்கொண்டு வந்தது. சாத்தச் சாத்த அவள் இடுக்குக்கு நேராக நகர்ந்து நகர்ந்து நின்றாள். கடைசியில் இடுக்கும் இல்லை. அப்போதும் எதிரேதான் நின்றாளாம். "அங்கதான கீற?" என்று கேட்பான். "இங்கதான் கீறேன்" என்பாள். ஒரு நாள் கேட்கவில்லை.

நான் வேலையில் சேர்ந்தது இதற்கெல்லாம் பிறகு. டாக்டர் அந்தப் புண்ணை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நம் ஊர் வெயிலில் காய்ந்த தோல் இந்த அளவுக்கு மேல் கதிரைத் தாங்காது; பாதியோடு நிறுத்த வேண்டும் என்பது அதன் முடிவு. புண் சதுரத்தின் ஓரங்களில் அதிகமாக இருந்ததை அவரும் கவனித்திருந்தார். குழாயின் உலோக விளிம்பில் பட்டுச் சிதறிய கதிர் என்று அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்திருந்தார். அழகான விளக்கம். பௌதிகம் படித்த நானும் அதை நம்பினேன்.

அந்தச் சமயத்தில் காட்டுப்பாக்கத்திலிருந்து கன்னியம்மாள் என்ற இளம் பெண் வந்தாள். அதே கட்டி. இரண்டு ஓரமும் மங்கிவிட்டது. டாக்டர் அவளுக்குப் பாதி அளவுதான் கொடுக்கப்போகிறார். கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் என்னைக் கொரட்டூருக்கு அனுப்பினார்: கோதண்டத்தின் புண் எப்படி ஆறியது, தழும்பு இருந்ததா, கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று விசாரித்து வர.

நான் போன பகலில் ஏரிக்கரை முழுக்க வேட்டியும் புடவையும் காய்ந்துகொண்டிருந்தன. ஓரங்களில் குறி எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நூல் முடிச்சுகள்தான் இருந்தன.

"குறி போடறதில்லையாம்மா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த அவள் நாத்தனார் நாகவல்லி முந்திக்கொண்டாள். "அவளா? சேராங்கொட்டையக் கண்டா பாம்பக் கண்டாப்பல ஓடுவா. போன வாரம் முடிச்சு அவுந்து, செட்டியார் வேட்டி கர்ணம் ஊட்டுக்குப் போயிடிச்சி. கர்ணம் அத்தக் கட்டிகினு கோயிலுக்கே போயிட்டாரு."

வேம்புலி என் எதிரே வந்து நின்றாள். நான் புண்ணைப் பற்றிக் கேட்டேன்; அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். எதற்காகக் கேட்கிறேன் என்று சொன்னால் பேசுவாள் என்று கன்னியம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

"ஒம் புருஷனுக்கு வெந்த கணக்க வச்சுத்தாம்மா அவளுக்கு அளவு. பாதியில நிறுத்திடுவாங்க."

"பாதியா?" என்றாள். "அப்ப, அவுருக்கு முழுசா வைக்கலியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவளுக்கு அது தெரியாது என்று. சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. "தோல் வெந்துட்டதால நிறுத்திட்டாங்க" என்றேன்.

"பாதி வெச்சா அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆவும் நைனா?"

"கட்டி முழுசா அடங்காது. கண்ணு…"

"ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சாத்திகினு வருமா?"

நான் தலையசைத்தேன். அவள் முதல் தடவையாக என் எதிரேயிருந்து விலகினாள். ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். காய்ந்துகொண்டிருந்த துணிகள் காற்றில் புடைத்து அடங்கின. முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

"அது ஒங்க மிஷினு சுட்டதில்ல. நான் வெச்சது."

நாகவல்லியின் கை கல்லில் நின்றுவிட்டது. வேம்புலி எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைத் துணி எதை விரித்தாலும் அதில் நான்கு புள்ளி தெரிகிறது என்றும், கசக்கினால் போவதில்லை என்றும் சொன்னாள்.

"நீயே போயி டாக்டராண்ட சொல்லிடு நைனா. எனக்கு அந்த வாசப்படி ஏற முடியாது."

"நான் சொன்னா நம்பமாட்டாரும்மா. எந்தப் புண்ணைப் பாத்தாலும் அவருக்குத் தன் கைதான் ஞாபகம் வரும். நீ வந்து சொல்லணும்."

"வந்து இன்னான்னு சொல்றது? எம் புருஷன நான்தான் கொன்னேன்னா?"

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன். என் பேச்சை டாக்டர் நம்பவில்லை. "துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தான் தங்கள் மேல் போட்டுக்கொள்வார்கள்" என்றார்.

கன்னியம்மாளுக்குச் சிகிச்சை தொடங்க இருந்த திங்கட்கிழமை காலையில் வேம்புலியம்மாள் வந்து சேர்ந்தாள். கன்னியம்மாள் மழித்த தலையில் நீலச் சதுரங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேம்புலி அந்தச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நேராக டாக்டருக்கு எதிரே போய் நின்று சொன்னாள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கனிவோடுதான் சொன்னார்: "வேண்டாமம்மா. பழியை நீ எடுத்துக்கொள்ளாதே. அது என் மிஷின்."

அந்தக் கனிவு, அவர் அவளுக்குத் திறந்துவிட்ட வாசல். பேசாமல் வெளியே போய்விட்டிருக்கலாம்; கொரட்டூரில் அவளைக் கேட்பார் யாரும் இல்லை.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சேராங்கொட்டையும் ஊசியும். ஆஸ்பத்திரி நாவிதர் பரந்தாமன் வாசலில் நின்றிருந்தார். "அண்ணாத்தே, பொட்டாண்ட இங்க கொஞ்சம் மழிச்சி உடு" என்றாள். பரந்தாமன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "என்ன செய்கிறாய்?" என்று எழுவதற்குள் அவளே கத்தியை வாங்கி மயிரைச் சிரைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"என் கண்ணுக்குத் தெரியாத எடம். நீ பாத்துச் சொல்லு நைனா, சதுரமா வருதா?"

நான் சொன்னேன். நான்கு புள்ளியும் அவளே வைத்துக்கொண்டாள். கோதண்டத்துக்கு வைத்த அதே இடம்.

"என்னிய உங்க மிஷினாண்ட கூட்டிகினு போவாதீங்க சாமி. சும்மா வராந்தாவுல குந்திகினு கீறேன். வந்து வந்து பாருங்க."

கன்னியம்மாளின் சிகிச்சையைத் தள்ளி வைத்தார்கள். மறுநாள் ஒன்றுமில்லை. கையைப்போலவே நெற்றிப்பொட்டும் பழகிவிட்டதோ என்று வேம்புலி பயந்தாள். மறுபடி தொட்டு வைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் பகலில் புள்ளிகளைச் சுற்றிச் சிவந்தது. மாலைக்குள் கொப்புளம். பிறகு நீர் வடிந்து, சதுரம் நிரம்பி, இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. ஒரு துளி கதிர்கூடப் படாத தோல்.

டாக்டர் அவள் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அன்று அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொள்ளவில்லை. வேம்புலிதான் முதலில் பேசினாள்.

"நான் அன்னிக்கே சொல்லியிருந்தா, முழுசா வெச்சிருப்பீங்களா சாமி?"

"வைத்திருப்பேன்."

"பொழச்சிருப்பாரா?"

டாக்டரால் பொய் சொல்லியிருக்க முடியும். "தெரியாதம்மா" என்றார்.

"தெரியாதுன்னா சொல்றீங்க…" என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், எடை போடுவதுபோல. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கன்னியம்மாளுக்கு முழு அளவு கொடுக்கப்பட்டது. அளந்தவன் நான். தோல் சிவந்தது, கறுத்தது, உரிந்தது, வேகவில்லை. டாக்டர் தன் கட்டுரை தவறு என்று ஒரு குறிப்பு எழுதி அதே பத்திரிகைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு எந்த நோயாளி வந்தாலும், தோலைத் தொடுவதற்கு முன், "வீட்டில் என்ன பூசினாய்?" என்று கேட்பது அவருடைய முதல் கேள்வியாயிற்று.

வேம்புலியின் புண் ஆறியது. நெற்றிப்பொட்டில் நான்கு கறுப்புப் புள்ளிகள் மட்டும் நின்றுவிட்டன. அவள் திரும்பவும் துணிக்குக் குறி போடத் தொடங்கவில்லை. நூல் முடிச்சுதான். துணிகள் வீடு மாறின. சில வீடுகள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன.

பல மாதம் கழித்து, யுத்த பயத்தில் பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த சமயம், கன்னியம்மாள் பரிசோதனைக்கு வந்தாள். தலையில் முடி அடர்ந்திருந்தது. அன்று வேம்புலியும் வந்திருந்தாள். கன்னியம்மாள் வருகிறாள் என்று அவளுக்குச் சொல்லியனுப்பியது நான்தான். வராந்தாவில் கன்னியம்மாளைக் கண்டதும் அவள் வழக்கம்போல எதிரே போய் நின்றாள். கன்னியம்மாள் வலதுபுறம் திரும்பினாள். வேம்புலி வலதுபுறம் நகர்ந்தாள். இடதுபுறம் திரும்பினாள்; இடதுபுறம் நகர்ந்தாள்.

கன்னியம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, கோலாட்டமா? இப்டி பக்கத்துல வந்து குந்து. எனக்குத் தெரியுது. பாரு, அந்தாண்ட ஒரு நாய் படுத்துகினு கீது, காதைச் சொறிஞ்சிகினு."

அவள் தலையைத் திருப்பவில்லை. நாய் அங்கேதான் இருந்தது.

வேம்புலி மெல்ல அவள் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னியம்மாள் நேரே பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே போனாள். வேம்புலி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். திடீரென்று, யாரோ கூப்பிட்டதுபோல, "இங்கதான் கீறேன்" என்றாள். எழுந்தாள். மறுபடி அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.